ஒரே நடை

இடது பக்கம் ரெண்டு விரக்கடை விட்டு எழுதுங்க, வக்கீலய்யா. காயிதத்தைக் குத்தித் தைக்கும்போது எழுத்து உள்ளே மாட்டிக்கினா அப்புறம் படிக்கிறவனுக்குத் தொல்லை. முப்பது வருஷமா மனு எழுதிப் பொழைச்சவன் நான். புத்தூர் தாலுகா ஆபீஸ் பக்கம் வந்து ரைட்டர் எத்திராஜ்னு கேட்டா, தமிழ்க்காரன் தெலுங்குக்காரன் யாரா இருந்தாலும் கை காட்டுவான்.

கங்கம்மா உள்ளே வரமாட்டா, விட்டுடுங்க. வாசல்லயே நிக்கட்டும். சித்தூர் வரைக்கும் போய் உங்களை இட்டுக்கினு வந்திருக்கா, மோர் குடுத்தா கூட வாங்கல. அவ புருஷன் அப்பாவு போன மாசம் செத்துட்டான். ரெண்டு வருஷம் ஜெயில்ல இருந்துட்டு வந்து, ஏரிப் பக்கமே தலைவெச்சுப் படுக்காம, இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். பதினோரு பேரைத் தண்ணியில கொன்னவன்னு அவன் பேர்ல எழுதி இருக்குது. அந்தப் பேரை எடுக்கணும்ன்றா. நியாயந்தான். அந்த எழுத்து என் எழுத்து, அதனால நான்தான் சொல்லணும்.

இன்னைக்குக் காலையில வந்து என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டா. நாலு வருஷமா இந்த ஊர்ல யாரும் கேக்காத கேள்வி. அதுக்குக் கடைசில வரேன். எதையும் வரிசையா சொன்னாத்தான் கோர்ட்ல நிக்கும்.

ஐம்பத்திமூணுல ஆந்திரா பிரிஞ்சப்போ எங்க ஊரை அந்தப் பக்கம் சேர்த்துட்டாங்க. எங்களுக்கு வீட்ல தமிழ், சந்தையில தெலுங்கு. யாரோடயும் சண்டை இல்ல. ஆனா புள்ளைங்க எதுல படிக்கும், பட்டா எதுல வரும்னு ஒரு பயம் இருந்துச்சு. எல்லையைத் திரும்பப் பார்க்கப்போறாங்கன்னதும் ஊரே என் வீட்டு எதிர்ல வந்து நின்னுச்சு. நம்மளை மெட்ராஸ் பக்கம் சேர்க்கச் சொல்லி எழுதுங்க ரைட்டரேன்னாங்க. எழுதினேன். கூலி ஒரு பைசா வாங்கல. வீடு வீடாப் போனேன். நானூத்திப் பன்னெண்டு பேர்.

எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு, அதையும் சொல்லிடறேன். கைநாட்டை வெத்துக் காயிதத்துல முதல்லயே வாங்கிக்குவோம். சங்கதியை அப்புறம் மேல எழுதிக்குவோம். அறுப்புக்குப் போனவனை ரெண்டாவது தடவை தேடிக்கினு அலைய முடியாது இல்லையா? ஜனங்களும் நம்பித்தான் வெப்பாங்க. ரெண்டு மூணு காயிதம் கூடவே வெப்பாங்க, எதுக்காவது ஆவும்னு.

அந்த மனுக் காயிதக் கட்டுல கைநாட்டு இல்லாம கையெழுத்தா இருந்தது கொஞ்சம்தான். அதுல ஒண்ணு என் பொண்ணு சுந்தரி போட்டது. பதினாலு வயசு, கணக்குல சேராது. ஆசைப்பட்டா, நான்தான் போடும்மான்னேன். முத்து முத்தா எழுதுவா. தாயில்லாத பொண்ணு, என் பேனாவைப் பார்த்து வளர்ந்தவ.

எல்லை விசாரிக்கிற ஆபீசர் ஒருத்தர் புத்தூர் பங்களாவுக்கு வராருன்னு தெரிஞ்சுது. ஐம்பத்தாறு நவம்பர் இருபத்திமூணு, வெள்ளிக்கிழமை. பத்து மணியில இருந்து பதினோரு மணி வரைக்கும்தான் இருப்பாரு. கட்டை மட்டும் குடுத்தாப் பத்தாது, ஆளுங்களைக் கூட்டமாக் காட்டணும்னு எனக்கு எண்ணம். சுந்தரியை எதிர்ல நிக்கவெச்சு மனுவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லணும்னும் நெனைச்சேன். அவ படிச்சா கல்லும் கரையும்.

அந்த வாரம் முழுக்க மழை. ரோடு போற கரை அறுத்துக்கினு போயிடுச்சு. ஏரியைத் தாண்டணும்னா அப்பாவு படவுதான். பத்துப் பேர் தாங்கும் படவு. வந்து நின்னவங்க இருபத்திமூணு பேர், என்னையும் சேர்த்து.

அப்பாவு கழியை ஊனிக்கினு சொன்னான்: "எத்திராஜண்ணா, மூணு நடையாப் போலாம். மதகு தொறந்து கீது, தண்ணி இழுக்குது."

ஒரு நடைக்கு முக்கா மணி நேரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், கூட்டமாப் போய் நிக்க முடியாது. "ஒரே நடைதான் அப்பாவு"ன்னேன்.

"வேணாண்ணா. புள்ளை குட்டிங்க கீது."

அப்போ நான் ஒரு வார்த்தை சொன்னேன். எல்லார் எதிர்லயும் சொன்னேன். "நாங்க போய்ச் சேரக்கூடாதுன்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது? அந்தப் பக்கத்து ஆளா நீ?"

அவன் மூஞ்சி செத்துப்போச்சு. ஏறுங்கன்னு கை காட்டினான். சுந்தரி என் வேட்டியைப் புடிச்சுக்கினு, "நைனா, எனக்குப் பயமாக்கீது, அடுத்த நடையில வரேன்"னா. அடுத்த நடை இல்லம்மான்னு சொல்லித் தூக்கி உட்கார வெச்சேன். தீபாவளிக்கு எடுத்த பச்சைப் பாவாடையைக் கட்டிக்கினு இருந்தா.

மதகுக்கு நேரா வந்ததும் படவு ஒரு பக்கமா சாஞ்சுது. ரெண்டு பேர் பயந்து எழுந்துட்டாங்க. அவ்ளோதான். தலைக்கு மேல வெள்ளம் போனா ஜாண் என்ன முழம் என்னன்னு சொல்வாங்க. அப்பாவு அஞ்சு பேரைக் கரையில இழுத்துப் போட்டான். ஆறாவது ஆளுக்காகத் திரும்பவும் குதிச்சான், கிடைக்கல. நீந்தத் தெரிஞ்சவங்க ஏறினாங்க. பதினோரு பேர் போயிட்டாங்க. என் பொண்ணும் அதுல ஒருத்தி. அவளுக்குக் கொள்ளி வெச்ச கை இதுதான், பாருங்க.

போலீஸ் மறுநாள் வந்துச்சு. செத்தவங்க வீட்டு வாக்குமூலம் வேணும்னாங்க. அழுதுக்கினு இருக்கிறவங்களைப் போய் யாரு கேக்கறது? என்னாண்ட அவங்க கைநாட்டு வெச்ச வெத்துக் காயிதம் மிச்சம் இருந்துச்சு. பத்து வீட்டுக்கும் எழுதிக் குடுத்தேன். படவுக்காரன் கூலிக்கு ஆசைப்பட்டுக் கூட ஏத்தினான், வேணாம்னு சொல்லச் சொல்லக் கேக்கல, வாயில சாராய வாடை அடிச்சுதுன்னு எழுதினேன். மதுவிலக்கு இருக்கிற ஊர், அந்த ஒரு வரியே போதும். அப்பாவு குடிக்கமாட்டான். கங்கையம்மனுக்கு வாக்குக் குடுத்துக் குடியை விட்டு ஏழு வருஷம் ஆச்சுன்னு எனக்கே தெரியும். ஆனா வாக்குமூலம்னா ஒரு காரணம் இருக்கணும் இல்லையா? காரணம் இல்லாம எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்க.

ஒரே நடைன்னு நான் சொன்னதை மத்தவங்க கேட்டாங்களே, ஏன் சொல்லலன்னு பார்க்கறீங்களா? பொண்ணைப் பறிகுடுத்துட்டு உக்காந்திருக்கிறவனைப் பார்த்து யாரும் கை நீட்டமாட்டாங்க, ஐயா. அது எனக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் ஜெயம்மா வந்தா. அவ புருஷன் வெங்கடசாமி போயிட்டான். ரெண்டு பொண்ணு, சின்னது இடுப்புல. "சாமி, எங்க புள்ளைங்களுக்கு ஏதாவது வழி கீதா?"ன்னா. அவ பின்னாடி மத்த வீட்டு ஆளுங்களும் நின்னாங்க.

நான் ஒளிக்கல. விவரமாத்தான் சொன்னேன். கிரிமினல் கேஸ் சர்க்கார் நடத்தும், அதுல உங்களுக்கு ஒண்ணும் வராது. கலெக்டருக்கு மனு போட்டா இரக்கப்பட்டுக் குடுத்தாக் குடுப்பாங்க, கேட்டு வாங்கற உரிமை கிடையாது. ஆனா சிவில் கோர்ட் ஒண்ணு இருக்குது. யார் தப்பால சாவு வந்துச்சோ அவங்க மேல பொண்டாட்டி புள்ளைங்க வழக்குப் போட்டு நஷ்டஈடு கேக்கலாம். ஏழைன்னு மனு குடுத்தா ஸ்டாம்பு செலவு கூட வேணாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், நல்ல சட்டம்னு சொன்னேன்.

"அப்போ போட்ரலாம் சாமி"ன்னா ஜெயம்மா.

"போடலாம்மா. ஆனா எந்தக் கோர்ட்ல போடுவே? இங்க போட்டா அது ஆந்திரா கோர்ட். ஆந்திரா கோர்ட்ல போய் எனக்கு நியாயம் குடுன்னு கைநாட்டு வெச்சா, நான் இந்த ஆந்திராக்காரின்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி. நாளைக்கு எல்லை ஆபீசர் அதை எடுத்துக் காட்டுவாரு. உன் புருஷன் எதுக்காகப் படவுல ஏறினான்? நினைச்சுப் பாரு. எல்லை முடியட்டும், மெட்ராஸ் பக்கம் போனதும் அந்தக் கோர்ட்ல நானே போட்டுத் தரேன்."

கூட்டத்துல ஒரு பெரியவர் கண்ணைத் துடைச்சுக்கினு, "ரைட்டர் சொல்றது சரி, செத்தவங்களுக்குத் துரோகம் பண்ணக்கூடாது"ன்னாரு. எல்லாரும் தலையாட்டினாங்க. சட்டத்துல அப்படி எதுவும் கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எந்த ஊர்ல இருக்கிறமோ அந்த ஊர் கோர்ட்ல போடறதுக்கும் எல்லைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இன்னொண்ணும் தெரியும். அந்த வழக்கைச் செத்த நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும். அதை மட்டும் நான் சொல்லல.

கிரிமினல் கேஸ்ல அவன் எதிர்வாதமே பண்ணாமத் தப்பை ஒத்துக்கினான், சாட்சி விசாரணையே வரல. சிவில் வழக்குன்னு வந்தா அப்பாவு கூண்டுல ஏறி வாயைத் தொறந்திருப்பான். குறுக்கு விசாரணையில ஒவ்வொருத்தனா உண்மையைக் கக்கியிருப்பான். யார் தப்புன்னு கேட்டா என் பேர் வந்திருக்கும். நானூத்திப் பன்னெண்டு பேர் நம்பின மனுவை எழுதினவன் கொலைகாரன்னு ஆயிருந்தா மனு என்னத்துக்கு ஆவும்? ஊருக்காகத்தான் யோசிச்சேன், ஐயா. அப்படித்தான் அன்னைக்கு எனக்கு நானே சொல்லிக்கினேன்.

ஜெயம்மா மாசா மாசம் வருவா. "எல்லை முடிஞ்சுதா சாமி?" இன்னும் இல்லம்மான்னு சொல்லி அனுப்புவேன். அடுத்த நவம்பர் இருபத்திரெண்டாம் தேதி வந்தா, ஒரு படி வேர்க்கடலை கொண்டாந்தா. கையில காசு இல்ல சாமி, புள்ளைங்க கஞ்சித் தண்ணி குடிச்சுக்கினு கீதுங்கன்னா. காலண்டர் அவ தலைக்கு மேலதான் தொங்கிக்கினு இருந்துச்சு. இன்னைக்கு மனு எழுதி நாளைக்குக் காலையில கோர்ட்ல குடுத்திருந்தா எடுத்திருப்பாங்க. கார்த்திகை தீபம் கழிச்சு வாம்மான்னு சொன்னேன். கடலையை வறுத்து ஒருவாரம் துன்னேன்.

கடைசில எல்லை முடிஞ்சுது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போச்சு. எங்க ஊர் இங்கயே நின்னுபோச்சு. ஜெயம்மா வந்து, "அப்போ இனிமே இங்கயே போடலாமா சாமி?"ன்னா. காலம் கடந்துபோச்சும்மான்னேன். அவ கோவப்படல. "எங்க தலையெழுத்து, நீ என்ன சாமி பண்ணுவே, நீயே பொண்ணைக் குடுத்தவன்"னு சொல்லி என் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனா. இப்போ ரேணிகுண்டா ஸ்டேஷன்ல கரி வாரறா. பெரிய பொண்ணு திருப்பதியில ஒரு வீட்ல பாத்திரம் தேய்க்குது. சின்னது போன மழைக்காலம் ஜுரத்துல போயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல, உண்மையைச் சொல்றேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க?

இப்போ கங்கம்மா கேட்ட கேள்விக்கு வரேன். அன்னைக்கு அவ புருஷனுக்குக் கூழ் எடுத்துக்கினு புத்தூர்ப் பக்கத்துக் கரையில நின்னவ. நான் ஏரியில இருந்து ஏறி வந்ததைப் பார்த்தவ. அவ கேட்டது இதுதான்: "அண்ணா, உன் தலை நனைஞ்சு இருந்துச்சு, சட்டை நனைஞ்சு இருந்துச்சு. கையில இருந்த கட்டு மட்டும் எப்படிண்ணா நனையாம இருந்துச்சு?"

மெழுகுத்துணி சுத்தி இருந்துச்சுன்னு முதல்ல சொன்னேன். அவ தலையாட்டல. மேல் பக்கம் மட்டுந்தான் மெழுகுத்துணி, ரெண்டு ஓரமும் தொறந்து இருந்துச்சுன்னு அவளுக்குத் தெரியும். அவ வீட்டுக் கைநாட்டை அதுக்குள்ளதானே சொருகினேன்?

எனக்கு நல்லா நீந்தத் தெரியும். இடது கையில கட்டைத் தலைக்கு மேல தூக்கிக்கினு வலது கையால நீந்தினேன். சுந்தரி பக்கத்துலதான் இருந்தா. ரெண்டு தடவை நைனான்னு கூப்பிட்டா. மூணாவது கை எனக்கு ஏது? அப்புறம் எட்டி என் இடது கை மணிக்கட்டைப் புடிச்சுக்கினா. கை கீழ எறங்குச்சு. கட்டு தண்ணியைத் தொடப்போச்சு. உதறினேன். ஒரே தடவைதான் உதறினேன், அவ புடி அப்படியொண்ணும் கெட்டியா இல்ல.

கரை ஏறினதும் நான் நிக்கல. அவங்க தேடிக்கினு இருந்தாங்க, நான் புத்தூருக்கு நடந்தேன். ஆபீசர் கிளம்பறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி போய்ச் சேர்ந்தேன். ஏன்யா சட்டையெல்லாம் ஈரம்னு கேட்டாரு. மழை சார்னு சொன்னேன். கட்டை வாங்கி மத்த கட்டுங்க மேல வெச்சாரு.

எழுதிட்டீங்களா? அப்பாவு மேல தப்பு இல்லன்னு தனி வரியில எழுதுங்க. ஒரே நடைன்னு சொன்னது நான், பொய் வாக்குமூலம் எழுதினது நான், கெடுவை மறைச்சது நான், என் பொண்ணு கையை உதறினதும் நான். எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க, எழுதி முடிச்ச காயிதத்துலதான் போடுவேன்.

இன்னும் ஒரு வரி மட்டும் சேர்த்துக்குங்க, ஐயா. ஆபீசர் எதிர்ல நான் கட்டைப் பிரிச்சுப் பார்த்தேன். நானூத்திப் பன்னெண்டுல ஒண்ணுகூட அழியல. சுந்தரி போட்ட கையெழுத்து அப்படியே இருந்துச்சு, ஒரு எழுத்துல கூட மை ஊறல. அவளைப் பத்திரமாத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.