இருக்கிற வெளிச்சம்

இந்த ஹைதராபாத்தில் இரவை நேர்மையாகப் படம் எடுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் சார். பி.எஸ்ஸி.யில் இரண்டு அரியர் இருப்பது வேறு விஷயம். நிலாவும் தெருவிளக்கும் தருவது போதும் என்பது என் கொள்கை. ஃப்ளாஷ் அடிப்பது கட்டடத்தைக் கன்னத்தில் அறைவது மாதிரி. அதெல்லாம் கல்யாண வீட்டு வேலை.

பத்ரிநாராயணன் செய்வது அந்த வேலைதான். ராமச்சந்திராபுரத்தில் எங்களுக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸ். டவுன்ஷிப் போட்டோப் போட்டிக்காக அந்தப் பழைய படிக்கிணற்றுக்கு இருவரும் சேர்ந்துதான் வந்தோம். "நீ கும்மிருட்டைப் புடிச்சிட்டு அதையும் கலைன்னு சொல்லுவே" என்று பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்தான். எனக்கொன்றும் கோபமில்லை.

கிணற்றின் கைப்பிடிச்சுவர் இடிந்த இடத்தில் வாட்ச்மேன் லாந்தர் ஏற்றி வைத்திருந்தார். "உஸ்கோ சூனா நக்கோ சாப்", அதைத் தொடாதீர்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு பத்ரியை டீ குடிக்க அழைத்துப்போனார். பத்ரி பையை என்னிடம் விட்டுப்போனான். அந்த லாந்தர் படத்தின் நடுவில் வெள்ளைத் திட்டாக விழும். ஊதி அணைத்தேன். வெளிச்சம் எதையும் நான் சேர்க்கவில்லை, கவனியுங்கள்.

ஷட்டரைத் திறந்த பிறகு பத்ரி மட்டும் அந்த இடிந்த சுவர்ப் பக்கமாகத் திரும்பி வந்தான். ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்தே வைக்கும் நீண்ட எக்ஸ்போஷரில் நடந்துபோகிற ஆள் பதியமாட்டான். அதனால் நான் அவனை நிறுத்தவில்லை.

தண்ணீரில் சத்தம் கேட்டது.

"உலகா, படி எங்கேன்னு தெரியலைடா. டார்ச் அடி."

டார்ச் என் கையில்தான் இருந்தது. அடித்தால் படம் போயிற்று.

"கொஞ்சம் இருடா, ஷட்டர் திறந்திருக்கு."

இன்னொரு தடவை கூப்பிட்டான், உலகநாதன் என்று முழுப்பெயரும் சொல்லி. சின்ன வயதிலிருந்து அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதேயில்லை. பிறகு கூப்பிடவில்லை. எக்ஸ்போஷர் முடிந்ததும் மூடினேன்.

லாந்தர் ஏற்ற மறந்தார் என்று அந்த வாட்ச்மேனைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறீர்கள். அவர் ஏற்றினார். பொய் எனக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் சொல்கிறேன். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். அங்கே இருந்ததை இருந்தபடி விட்டேன், அவ்வளவுதான்.

பத்ரியைத் தூக்கிப் படியில் கிடத்தியதும், உங்கள் போட்டோகிராபர் வர விடிந்துவிடும் என்று என்னையே எடுக்கச் சொன்னீர்கள். நிலா இறங்கியிருந்தது. அவன் பையிலிருந்த ஃப்ளாஷை எடுத்து என் கேமராவில் மாட்டினேன். அவன் கண் திறந்திருந்தது. கூசவில்லை.

சரியாக விழுந்ததோ என்னவோ என்று இன்னொரு முறையும் அடித்தேன்.