மணவறைக்குப் பின்னால் ஒரு பெருக்கல் குறி

— அடியே துர்கா, சத்தியமா சொல்றேன். மண்டபத்துல மணவறைக்குப் பின்னாடி அந்தக் குறுக்குக் கம்பி இல்லவே இல்ல.

— தேவகி அக்கா, உங்களுக்கு அங்க என்ன வேலை?

— இதென்னடி கேள்வி? வர்ற வெள்ளிக்கிழமை எங்க சங்கீதாவுக்கு அங்கதானே கல்யாணம்! முகூர்த்தப் புடவைய தறியிலேர்ந்து அறுத்து வாங்கிகினு வந்தேன். பொண்ணு உக்காரப் போற இடத்த ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு நுழைஞ்சேன்.

— பாக்கறவங்க முன்னாடி நின்னு பாக்க வேண்டியதுதானே? மணவறைக்குப் பின்னாடி ஏன் தலைய விட்டீங்க?

— போன ஞாயித்துக்கிழமை பூமி ஆடுச்சே, எங்க வீட்டு டம்ளரெல்லாம் கடகடன்னுச்சே! திறப்பு விழாவுல உன் வீட்டுக்காரரு, இன்ஜினீயர் கிரண் சாரு, மைக்கப் புடிச்சிகினு என்னா சொன்னாரு? "நிலநடுக்கம் வந்தா இந்தக் குறுக்குக் கம்பிதான் வளைஞ்சு அடிய வாங்கிக்கும். இரும்புத் தூணுக்கு ஒண்ணும் ஆகாது. அப்புறம் போல்ட்டக் கழட்டிப் புதுசு மாட்டிக்கலாம்." சொன்னாரா இல்லையா? எவ்ளோ வளைஞ்சிருக்குன்னு பாப்போமேன்னு எட்டிப் பாத்தேன். வெறும் போல்ட்டு ஓட்டைதான் கீது. ஒண்ணுல பல்லி குடும்பம் நடத்திகினு கீது.

— எல்லாம் எங்க மச்சாண்டார் வேலை! மண்டபம் அவரோடதுன்னா என்ன வேணா செய்யலாமா? தூக்கம் இல்லாம வரைஞ்சு கட்டிக் குடுத்த தம்பிக்கே துரோகமா? கூடப் பொறந்தவரா அவரு?

— உன் மச்சாண்டார் கோபிநாத்த மட்டும் சொல்லாதடி. ரெண்டு கம்பியும் குறுக்கால போயி, போட்டோவுல பொண்ணு மாப்பிள்ள தலைக்கு மேல அவ்ளோ பெரிய பெருக்கல் குறி! வாத்தியாரு தப்புப் போட்ட மாதிரி. எந்த மாமியாக்காரி ஒத்துக்குவா?

— இருங்க, இவரே வந்துட்டாரு. என்னங்க, உங்க அண்ணன் மணவறைப் பக்கம் கம்பியக் கழட்டிட்டாராம்!

— அண்ணன் கழட்டல, துர்கா. நான்தான் கழட்டினேன்.

— நீங்களா?

— போட்டோவப் பாத்துட்டு வரிசையா கேன்சல் பண்ணாங்க. அண்ணன் தினம் வந்து கெஞ்சினாரு. "கழட்டி மாட்டுற மாதிரிதானே செஞ்சிருக்கே? முகூர்த்த மாசமெல்லாம் முடியட்டும், மாட்டிக்கலாம்"னாரு.

— ஏன் தம்பி, பூமாதேவி பஞ்சாங்கம் பாத்துட்டா ஆடுவா?

— சின்ன ஆட்டம்தானே அக்கா. கட்டடம் நின்னுடுச்சே.

— பெருசா வந்தா? சரி, வியாழக்கிழமைக்குள்ள மாட்டிடு. பெருக்கலோ வகுத்தலோ, எங்க சங்கீதா தலைக்கு மேல இருந்துட்டுப் போவட்டும்.

— மாட்டக் கம்பி இல்லக்கா. கண்ணமங்கலம் ஷெட்டுல பத்திரமா வெச்சிருந்தேன். எனக்கே தெரியாம அண்ணன் பழைய இரும்புக்குப் போட்டுட்டாரு. புதுசு சொல்லித்தான் செய்யணும். மாசக்கணக்குல ஆவும்.

— என்னங்க... எந்தங்கச்சி இளமதி கல்யாணத்த இந்த மண்டபத்துலேர்ந்து தேவிகாபுரம் கோயிலுக்கு மாத்தினீங்களே, வேண்டுதல்னு. அப்போ அது?

— வேண்டுதல் ஒண்ணும் இல்ல.

— அடப்பாவி! உங்க வீட்டுப் பொண்ணுக்குக் கோயிலு, எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஓட்டையா? இதே வாசல்ல நின்னு கேட்டேனே, "தைரியமா நடத்துங்க அக்கா, நம்ம மண்டபம்"னியே! துர்கா, வாடி எங்கூட. தெருவக் கூட்டி நியாயம் கேப்போம். ஊர் வாயில விஷயத்தப் போடறதுக்கு எனக்கா சொல்லிக் குடுக்கணும்?

— மெதுவா அக்கா. இது வெளிய போனா எந்தங்கச்சி மாப்பிள்ள வீட்டுல எங்க சகவாசமே வேணாம்னுடுவாங்க. அடுத்த மாசம் அவ கழுத்துல தாலி ஏறட்டும். அதுவரைக்கும் நீங்க அங்க ஒண்ணும் பாக்கல.