ஒரு புள்ளிக்கு ஒரு ட்யூப்பு

கயித்த வீசிராதீக தம்பி, கொஞ்சம் பொறுங்க. மாட்டுக் கயிறுதான அது, மாட்டுக்கே கட்டுங்க. எங்களுக்கு அடிகிடி ஒண்ணும் படல. தண்ணி இடுப்பளவுதான்னு எனக்கும் தெரியுது. சுழியில மாட்டி ட்யூப்பு சும்மா சுத்துது, அவ்வளவுதான். இருங்க, அங்குட்டுத் திரும்புது. சுத்தி வந்து சொல்றேன்.

ஆங். காரைக்குடிங்க. மழைக்கு இந்தச் சிங்கம்புணரிப் பக்கம் மலையோடை போகுது, ட்யூப்புல மெதக்கலாம்னு அண்ணன் மகன் கார்த்திகேய சிவம் செல்லுல பாத்துட்டு, குடும்பத்தையே வேன்ல அள்ளிக்கிட்டு வந்துட்டான். லாரி ட்யூப்பு, எட்டு.

இல்லல்ல, ஆளு பதினேழு. எங்கள்ல புருசனும் பொஞ்சாதியும் சேந்தாத்தான் ஒரு புள்ளி. கோயில் வரியே அந்தக் கணக்குலதான் வாங்குவாக. ட்யூப்பும் அப்படியே வாங்கிட்டாக. எட்டுப் புள்ளி, எட்டு ட்யூப்பு.

மிச்ச ஒராளா? சத்த முன்னாடி அண்டாவுல ஒருத்தன் போனானே, பாக்கலையா? சொக்கு. முப்பத்தாறு வயசு, பெங்களூருல பெரிய வேலை, கல்யாணம் ஆகல. புள்ளி ஆகாதவனுக்கு ட்யூப்பு ஏதுன்னு சாம்பார் அண்டாவக் கழுவிக் குடுத்துட்டாக. போற போக்குல எனக்கு ஒரு கும்பிடு வேற போட்டுட்டுப் போறான்.

இந்தா, மறுபடியும் திரும்பிருச்சு.

என்ன கேட்டீக? ஆமா, என் முதுகுக்குப் பின்னால இருக்கது எங்க வீட்டு ஆச்சிதான், என் பொஞ்சாதி சாலா. கோயமுத்தூர்ல மக வீட்டுல இருக்காக. வேன்ல அவுக முன் சீட்டு, நான் கடைசி. ட்யூப்பு குடுக்கயில மீனாட்சிசுந்தரம் சாலா ஒரு புள்ளின்னு அண்ணன் மகன் சத்தமாக் கூப்பிட்டப்ப நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். ஆச்சியே போயி வாங்கிட்டு வந்துட்டாக. முகத்துக்கு முகம் பாத்து உக்காரத்தான் ரெண்டு பேருக்கும் தெம்பில்ல.

எறங்கலாம்தான். ஒராளு எறங்குனா மத்த ஆளு கவுந்துருமே. ஒண்ணாக் குதிக்கணும். நான் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவேன், மூணு வர்றதுக்குள்ள ஆச்சி சிரிச்சுர்றாக. பெறகு நான் முதல்லருந்து எண்ணணும். நான் சொல்லி அவுக சிரிச்சு எத்தன வருசமாச்சு தெரியுமா? இருங்க, சுத்துது.

அங்குட்டுத் திரும்பயில ஆச்சி உங்ககிட்ட என்னமோ சொன்னாகளே, என்னது? கயிறு இப்ப வேணாம்னாகளா? நெசமாவா?

அப்ப நீங்களும் அந்தப் பாறையில உக்காருங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. திங்கக்கிழம காலையில கோர்ட்டுல நிக்கணும், அம்புட்டுத்தான். எங்க விவாகரத்துக் கேசு. வேன்ல வந்த யாருக்கும் தெரியாது, நீங்க சொல்லிராதீக.

அது சரி தம்பி, ரெண்டு பேருமே போகலைன்னா கேசு என்னாகும்? நான் கேக்கல. ஆச்சிதான் உங்ககிட்ட கேக்கச் சொல்றாக.