சேறு படாத பந்து

அந்த நாற்காலி வேண்டாம் சித்ரா, அதில் சாரல் அடிக்கும். சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொள். டீயில் சீனி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், எனக்கு அளவு தெரிவதில்லை.

“டீ கெடக்கட்டும் சித்தப்பா. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எங்கப்பா அந்தப் பந்தை வச்சாரா, வைக்கலையா?”

வைக்கவில்லை. உன் அப்பா மணிமுத்து அண்ணாச்சி தன் வாழ்நாளில் ஒரு பந்தையும் இடம் மாற்றி வைத்தவர் இல்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்து கேட்பாய். நீ சப்-இன்ஸ்பெக்டர், கேட்கத்தான் வேண்டும். ஆனால் நீ கேட்டால் நான் பதில் மட்டும்தான் சொல்வேன். அதனால் நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

கடையம் ரோட்டில் இருக்கும் அந்தக் குளம் ஐப்பசி மழைக்குத்தான் நிறையும். மாசி கழிந்தால் தரை தெரிந்துவிடும். குற்றாலத்தில் சீசன் களைகட்டும் மாதங்களில் இங்கே காய்ந்த குளத்துக்குள் பத்துப் பதினைந்து பேர் கோல்ப் ஆடுகிறார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்தவர்கள் அவர்கள். அதிகாரிகளுக்குப் பை தூக்கிக்கொண்டு நடந்து, அவர்கள் போன பிறகு ஆடிப் பழகியவர்கள். ஹவில்தாராக ஊர் திரும்பிய உன் அப்பாதான் முதலில் ஒரு பை நிறையப் பழைய மட்டைகளைக் கொண்டுவந்தார். ஆறு குழி வெட்டினார்கள். புல் வளர்க்கத் தண்ணீர் கிடையாது. அதனால் குழியைச் சுற்றி ஆற்று மணலைப் பரப்பி, இசக்கிப்பாண்டியின் லாரி ஷெட்டிலிருந்து கழிவு ஆயில் வாங்கி ஊற்றிக் கெட்டிப்படுத்தினார்கள். பந்து சாணியில் விழுந்தால் எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதியையும் அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

நான் பட்டாளத்துக்காரன் இல்லை. இருபது வயதில் பாளையங்கோட்டையில் ஆள் எடுத்தபோது மார்பளவு முக்கால் அங்குலம் குறைந்தது. பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, தலைமைக் கிளார்க்காக ஓய்வு பெற்றேன். குளத்தில் எனக்கு இடம் கிடைத்தது ஒரே காரணத்தால்தான். ஆங்கிலத்தில் இருந்த விதிப்புத்தகத்தைப் படித்து அர்த்தம் சொல்ல அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் சொல்வதுதான் அங்கே சட்டம். மட்டையால் என்னை ஜெயிக்கக்கூடியவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு நான் சொல்வதைக் கேட்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் சுதந்திர தினக் கோப்பையின் கடைசி ஆட்டம் எனக்கும் உன் அப்பாவுக்கும் நடந்தது. கடைசிக் குழியில் இரண்டு பேரும் சமம். அவருடைய பந்து கருவேலம் புதருக்குள் போயிருந்தது. தனியாகப் போய்க் குனிந்து நின்றவர், அடிக்காமல் நிமிர்ந்து கையைத் தூக்கினார். மட்டையைத் தரையில் வைக்கும்போது பந்து ஒரு நூல் அசைந்துவிட்டது, எனக்கு ஒரு அடி சேர்த்துக்கொள் என்றார். யாரும் பார்க்கவில்லை. கொக்குகூடப் பார்க்கவில்லை. அடி குறைந்தவன்தான் இந்த ஆட்டத்தில் ஜெயிப்பான். நான் விதிப்படி ஓர் அடி சேர்த்தேன். அந்த ஓர் அடியில் ஜெயித்தேன்.

கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு எல்லோரும் அவருக்குக் கை தட்டினார்கள். மறுநாள் டீக்கடையில் அதுதான் பேச்சு. அதற்குப் பிறகு என் வீட்டு அலமாரியில் இருக்கும் கோப்பைக்கு ஊரில் ஒரு பெயர் வந்துவிட்டது. மணிமுத்து கொடுத்த கோப்பை. இசக்கிப்பாண்டி ஒவ்வொரு முறை வரும்போதும் அலமாரியைப் பார்த்துச் சிரிப்பான். “ஏலே, தானமா வந்த சாமான நல்லாத்தான் தொடச்சி வச்சிருக்கே.” உன் அப்பா அவனை ஒருமுறை கடிந்துகொண்டார். அதுதான் இன்னும் வலித்தது. அவர் என் பக்கம் நின்று பேச வேண்டிய நிலையில் நான் இருந்தேன்.

நான் அவரை வெறுத்தேன் என்று நினைக்காதே. மதுரையில் உன் பயிற்சி முடிந்த அன்று அவர் முதலில் போன் செய்தது எனக்குத்தான். திருநெல்வேலியில் அவருக்கு இருதய அடைப்பு எடுத்தபோது மூன்று நாள் நான்தான் துணைக்குப் படுத்திருந்தேன். மலை ஏறக் கூடாது, வெயிலில் அலையக் கூடாது என்று டாக்டர் சொன்னதை உன் அம்மாவிடம் வந்து சொன்னவனும் நான்தான். எனக்கு எல்லாம் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

போன வருடம் ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருடைய பந்து முள் புதரின் அடியில் கிடந்தது. நான் முன்னால் நடந்துகொண்டிருந்தேன். செருப்பு முனையால் அதை ஒரு முழம் வெளியே தள்ளிவிட்டேன். அவருக்கு நல்லதுதான் செய்தேன், பார். அவர் வந்து பார்த்து, “பரவால்லயே, நல்ல எடத்துல கெடக்கே” என்று சொல்லிவிட்டு அடித்தார். அடுத்த வாரமும் அப்படி ஒருமுறை. பிறகு ஷெட்டுக்குப் போயிருந்தபோது இசக்கிப்பாண்டியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அண்ணாச்சிக்கு இப்போதெல்லாம் பந்து நல்ல இடத்திலேயே கிடக்கிறது, கவனித்தாயா என்று கேட்டேன். அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை.

ஒரு மாதத்தில் எல்லோரும் கவனிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் புதர்ப்பக்கம் போனால் இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கும் புரிந்தது. ஒருநாள் கரையில் உட்கார்ந்து காலில் குத்திய முள்ளை எடுத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“காமராஜு, என் பின்னாலயே ஒருத்தன் மாத்தி ஒருத்தன் வாரான். எனக்கு வயசாயிட்டுன்னு பாக்கானா, இல்ல நான் களவாங்குதேன்னு பாக்கானா?”

வயசாகிவிட்டது என்றுதான் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று அவர் என்னைத் தவிர வேறு யாரிடமும் அதைக் கேட்கவில்லை என்பது எனக்கு ஒரு மாதிரி நிறைவாக இருந்தது.

ஆகஸ்டு பதினைந்து உனக்குத் தெரியும். கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மறுபடியும் நானும் அவரும். மறுபடியும் கடைசிக் குழிவரை சமம். அவர் அடித்த பந்து வலப்பக்கம் கருவேலங்காட்டை நோக்கிப் போனது. நான் அந்தப் பக்கமாக நடந்துகொண்டிருந்ததால் முதலில் போய்ச் சேர்ந்தேன். பந்து காட்டுக்குள் போகவில்லை. வெளியே, மாட்டுக் குளம்பு பதிந்த குழியில், அடிக்க வசதியாகக் கிடந்தது. எல்லோரும் தங்கள் பந்துக்கு ஓர் அடையாளம் போடுவோம். அவர் உன் நகப்பாலிஷில் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பார். அந்தப் பொட்டு மேலே தெரிந்தது. நான் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தேன். நிமிர்ந்தபோது பந்து என் பையில் இருந்தது.

அவர் வந்து தேடினார். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள். பந்து கிடைக்காவிட்டால் பையிலிருந்து இன்னொன்றைக் கீழே விட்டுவிட்டு, கிடைத்துவிட்டது என்று சொல்வது இந்த ஆட்டத்தின் பழைய திருட்டு. எல்லோரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் கையைப் பைப்பக்கமே கொண்டுபோகாமல், இரண்டு கையாலும் முள்ளை விலக்கிக்கொண்டே தேடினார். முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நேரம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி.”

“அஞ்சு நிமிசம் இருக்குல்லா?”

“மூணுதான். புஸ்தகம் மாறிட்டு.”

அது உண்மை. தேடும் நேரத்தை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்து வருடங்கள் ஆகிவிட்டன. பட்டாளத்தில் கற்ற ஐந்து நிமிடத்தையே அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். புதிய புத்தகம் என்னிடம் மட்டும் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் அப்பா முள்ளை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். திரும்பிப் போய், அபராத அடியோடு முதல் இடத்திலிருந்து ஆடித் தோற்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை ஈரமாக இருந்தது.

பிறகு கரையில் இருக்கும் மோட்டார் ரூமில் பிரியாணி. அவர் வரவில்லை. பந்து அங்கேதான் கிடக்கிறது, எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்தால்தான் சோறு இறங்கும் என்று சொல்லிவிட்டுக் குளத்துக்குள் இறங்கிவிட்டாராம். இசக்கிப்பாண்டி அதைச் சொல்லிச் சிரித்தான். மேற்கே மலையில் மேகம் கட்டியிருந்தது. தூறல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. நான் சாப்பிட்டேன். பையில் பந்து தொடையில் உரசிக்கொண்டே இருந்தது.

இரண்டரை மணிக்கு எழுந்து போனேன். இதை நீ கவனிக்க வேண்டும். நான் போனேன். அவர் முட்டி போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, புதருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். நான்கு எட்டு தூரத்தில், அவர் ஏற்கெனவே தேடி முடித்திருந்த இடத்தில், பந்தை மெதுவாக வைத்துவிட்டு வந்தேன். திரும்பினால் கண்ணில் படும். எடுத்துக்கொண்டு வருவார், எல்லோரும் பார்ப்பார்கள், சோறு இறங்கும். கோப்பை எனக்கு, பெயர் அவருக்கு. அது நியாயமான பங்கீடு என்று அப்போது நினைத்தேன்.

கரை ஏறித் திரும்பிப் பார்த்தேன். அவர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை மார்பில் இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு கையைத் தூக்கினார். நானும் கையைத் தூக்கினேன்.

போகிறவனுக்குக் கை காட்டுகிறார் என்று நினைத்ததாக ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அப்படி இல்லை. உள்ளங்கை கீழே பார்த்திருந்தது, விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. நம் ஊரில் ஆளைக் கூப்பிடுவது அப்படித்தான். அவர் என்னைக் கூப்பிட்டார். போயிருந்தால் பந்து அங்கே எப்படி வந்தது என்று கேட்பார் என்று தோன்றியது. அவர் கேட்டிருக்க மாட்டார் என்று இப்போது தெரிகிறது. ஆட்டம் முடிந்த பிறகு எதிராளிக்குச் செய்ய வேண்டிய கடமை எதுவும் புத்தகத்தில் இல்லை. நான் மோட்டார் ரூமுக்குத் திரும்பினேன். நான்கு மணிக்குக் கோப்பையை வாங்கினேன்.

ஐந்து மணிக்கு, ஆடு மேய்க்கும் வடிவம்மாள்தான் அவரைப் பார்த்துவிட்டுக் கூப்பாடு போட்டாள். மற்றது உனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் உன் அம்மாவிடம் சொன்னபோது நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். உன் அம்மா ஆவுடைத்தாய் மயினி விழுந்துவிடாமல் தாங்கிப் பிடித்ததும் நான்தான்.

பந்தை நான் மறந்தே போனேன். இசக்கிப்பாண்டி எடுத்தான். காலையிலிருந்து தூறல், தரையெல்லாம் சேறு. அந்தப் பந்து மட்டும் என் பையிலிருந்து வந்த சுத்தத்தோடு சிவப்புப் பொட்டுத் தெரியக் கிடந்தது. ஒன்பது பேர் பார்க்க அவர் காலையில் தேடி முடித்த இடத்தில் கிடந்தது. அவன் அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதை நீயும் கேட்டிருப்பாய்.

“பாவம், கொண்டாந்து வச்சிருக்காரு. எடுத்துக் காட்டுததுக்குள்ள சீவன் போயிட்டு.”

நான் அவருக்கு நல்லது செய்ய வைத்த பந்து அவரைக் கள்ளனாக்கிவிட்டது. யாரும் கோபப்படவில்லை. பதினாறாம் நாள் சாப்பாட்டில் குறைவில்லை. ஆனால் டீக்கடையில் அவர் பேச்சு வந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். மன்னிப்பது போலப் பேசுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் நீ லீவு போட்டு வந்திருக்கிறாய்.

இதில் எந்தப் பிரிவில் என்ன வழக்கு வரும் என்று உனக்குத்தான் தெரியும். நான் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. பந்தை எடுத்தது நான். திரும்ப வைத்தது நான். கூப்பிட்டபோது போகாதவனும் நான். அவர் சாகட்டும் என்று நான் நினைக்கவில்லை. தேடட்டும் என்று நினைத்தேன்.

குளத்தில் ஆடும் எல்லோரையும் கூட்டி வைத்து, அவர்கள் முன்னால் இதைச் சொல்லச் சொல்கிறாய். சொல்கிறேன். கண்டிப்பாகச் சொல்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ஆகஸ்டு பதினைந்து. இந்த வருடம் வீரகேரளம்புதூரிலிருந்து புதிதாக ஆறு பேர் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு விதியும் தெரியாது. நான் அங்கே நிற்காவிட்டால் ஆளாளுக்கு இஷ்டப்படி ஆடுவார்கள், கள்ளத்தனம் நடக்கும். உன் அப்பாவுக்கு அது பிடிக்காது. ஆட்டம் ஒழுங்காக நடந்து, பரிசு கொடுத்து முடியட்டும், நானே மைக்கைப் பிடித்துச் சொல்லிவிடுகிறேன். எழுந்திருக்காதே, உட்கார். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் மட்டும் யாரிடமும் சொல்லாமல் இருப்பாயா, சித்ரா?