முப்பத்தேழு கம்ப்ரசர்

கதவுல சாஞ்சுராதீங்க மாப்ள, பெயிண்டு இன்னும் காயல. வெள்ளிக்கிழமை கல்யாணத்த வச்சுக்கிட்டு சட்டையில நீலக் கறையோட ராசிங்காபுரம் போய் இறங்குனா, போடியில எங்கிட்டு விழுந்து எந்திரிச்சு வர்றீங்கன்னு கேப்பாங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, கீழ ஏலக்காய் சலிக்கிற மிஷின் ஓடுதுல்ல. கடைக்காரரு மாடிய வாடகைக்கு விடுறப்ப, தம்பி லிங்கேஸ்வரா, நீ என்ன பாட்டு வேணாப் போட்டுக்க, எங்களுக்குத் தொந்தரவே இல்லன்னாரு. பெரிய மனசு. திங்கக்கிழமையில இருந்து சனிக்கிழமை வரைக்கும் தொந்தரவு எனக்குத்தான். ஞாயித்துக்கிழமை ஒருநாத்தான் மிஷின் நிக்கும். அன்னைக்கு மட்டுந்தான் இந்த ரூம்புல ஒருத்தர் வாயத் திறந்து பாட முடியும்.

தமிழினி பாட்டுக்குத்தானே வந்தீங்க? தெரியும். வரவேற்புல போடணும், ஸ்பீக்கர் செட்டுக்காரன் தினம் போன் பண்றான். நியாயந்தான். தையில பதிஞ்ச பாட்டு, ஆவணி வந்துருச்சு. எட்டு மாசத்துல பிள்ளையே பெத்துருவாங்கன்னு நெனைக்கிறீங்க, மரியாதைக்குச் சொல்லாம இருக்கீங்க.

அதென்ன போன்ல? லிஸ்ட்டா? கொண்டாங்க பாப்போம். ஓ, கல்யாணத்துக்கு அப்புறம் உங்க வீட்டு மாடியிலயே அவளுக்கு ஒரு ஸ்டுடியோ. லேப்டாப்பு வாங்கியாச்சு, மைக்கு வாங்கியாச்சு. நல்ல காரியம் மாப்ள. இனிமே அவ ஒரு பாட்டுக்காக பூப்பாறை எஸ்டேட்டுல இருந்து ஜீப்புல லோடோட லோடா நசுங்கி போடிமெட்டு இறங்கி வர வேண்டியதில்ல. பத்துப் படி ஏறுனாப் போதும். அவ குரலுக்கு எந்தக் கம்ப்ரசர் வாங்கலாம்னு என்னையக் கேக்க வந்திருக்கீங்க. கேக்க வேண்டிய ஆளத்தான் கேட்டிருக்கீங்க. என்கிட்ட முப்பத்தேழு இருக்கு.

அது என்ன பண்ணும்னு தெரியாமலேயா லிஸ்ட்டுப் போட்டீங்க? அடடா. சரி, கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கங்காணி உக்காந்திருக்கான்னு வச்சுக்கங்க. பாடுறவ சத்தத்தக் கூட்டுனா தலையில ஒரு அமுக்கு. அப்புறம் பெருசு சிறுசு எல்லாத்தையும் ஒரே மட்டமாக்கித் தூக்கி விடுவான். எம்புட்டு வெரசா அமுக்கணும், எம்புட்டு வெரசா கைய எடுக்கணும், அதுக்கு ரெண்டு குமிழு. அவன் சோலி அம்புட்டுத்தான். அந்தச் சோலிக்கு முப்பத்தேழு பேரு.

இந்தா, உங்க லிஸ்ட்டுல மொத ஆளு. திரையில பாக்க பழைய ரேடியோப் பொட்டி மாதிரி இருப்பான். மூலையில துரு கூட வரைஞ்சு வச்சிருப்பாங்க. எங்கப்பா நெசப் பொட்டியக் காயலான் கடையில போட்டாரு, நான் படத்தக் காசு குடுத்து வாங்குனேன். ரெண்டாவது ஆளு தானாக் கேட்டு தானா முடிவு பண்ணுவான், அம்புட்டு அறிவு. பொட்டிபுரத்துக் கோயில் பாட்டுக்கு அவனத்தான் போட்டேன். உறுமிச் சத்தத்தக் கேட்டுட்டு ஏதோ கோளாறுன்னு நெனச்சு உறுமியவே அமுக்கிட்டான். வாசிச்சவரு வந்து கேட்டுட்டு, தம்பி, நான் அன்னைக்கு வரலையான்னு என்னையவே கேட்டாரு.

மூணாவதா? அத யூட்யூப்புல பாத்திருப்பீங்க. ஒரு வெள்ளைக்காரன் ஹெட்போன மாட்டிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, வார்ம் வார்ம்னு சொல்லுவான். வெதுவெதுப்பா இருக்காம். சித்திரை மாசத்துல இந்தத் தகரத்துக்கு அடியில வந்து உக்காரச் சொல்லுங்க. ஒரு பொட்டியும் வேண்டியதில்ல, வெதுவெதுப்புன்னா என்னன்னு உச்சந்தலையில இறங்கும்.

சிரிச்சுட்டீங்க. நல்லவராத்தான் இருக்கீங்க, அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. கொஞ்சம் மோசமான ஆளா இருந்திருந்தா வசதியா இருந்திருக்கும்.

இல்ல, ஒண்ணுமில்ல. டீ குடிக்கிறீங்களா? வேணாமா, சரி.

இந்த முப்பத்தேழையும் நான் அவ பாட்டுக்குப் போட்டுப் பாத்துட்டேன் மாப்ள. வாரம் ஒண்ணு, சில வாரம் ரெண்டு. ஞாயித்துக்கிழமை மொத ஜீப்புல இறங்கிருவாங்க, அவளும் அவங்க அம்மா மருதாயியும். அந்தம்மா அந்தா அந்தச் சாக்குமேல உக்காந்து, வெத்தலையப் போட்டுக்கிட்டு, பாட்டு ஆரம்பிக்கறதுக்குள்ள தூங்கிரும். ஆயிரம் தடவை கேட்ட பாட்டு, அதுக்கு என்ன. இவ வந்து ரெடியாயோ அண்ணேன்னு எஸ்டேட்டு மலையாளத்துல கேப்பா. நான் மூஞ்சிய டாக்டர் மாதிரி வச்சுக்கிட்டு, இந்தக் கம்ப்ரசர் உன் குரல மூக்கால பாட வைக்குது தமிழினி, அடுத்த வாரம் வேற ஒண்ணு போடுறேன்னு சொல்லுவேன். சரிண்ணேம்பா. மத்தியான ஜீப்புல ஏறிருவா. எனக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் நாள் ஓடாது.

என்ன மாப்ள, எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க.

கேளுங்க. அவ பாடக் கத்துக்கிட்டது ஏலச் செடிக்குள்ள. காய் எடுக்கறப்ப ரெண்டு கைக்கும் வேலை, வாய்க்கு இல்ல. கங்காணி பக்கத்துல வந்தா முணுமுணுப்பா. அவன் அந்தாண்ட போனா, எதுத்த சரிவுல நிக்கிறவளுக்குக் கேக்குற மாதிரி எடுப்பா. பன்னெண்டு வருசம் அதே பழக்கம். தையில அவ மொத நாள் இங்க நின்னு பாடுனப்ப நான் மீட்டர் முள்ளையே பாத்துக்கிட்டு இருந்தேன். பெருசா எடுக்கப் போறான்னா, அவளே கழுத்தத் திருப்பி மைக்க விட்டு ஒரு முழம் தள்ளிப் போயிர்றா. முனகுறப்ப மைக்கு காதுல ரகசியம் சொல்ற மாதிரி கிட்ட வந்துர்றா. முள்ளு ஒரு இடத்துல நின்னது நின்னபடி நிக்குது. யாரும் சொல்லிக் குடுக்கல. ஏழு வருசமா இந்தச் சோலி பாக்குறேன், அப்படி ஒரு ஆள நான் பாத்ததில்ல.

ஆமா. அவளுக்குக் கம்ப்ரசரே வேண்டியதில்ல. கங்காணிக்குத் தப்பிச்சுப் பாடுனவளுக்கு இன்னொரு கங்காணி எதுக்கு? பாட்டு அன்னைக்கு மத்தியானமே முடிஞ்சிருச்சு மாப்ள. தையிலயே.

முறைக்காதீங்க. விரல் கூடப் பட்டதில்ல, மருதாயி சாட்சி. தூங்குற சாட்சி, இருந்தாலும் சாட்சி. பொய் சொன்னது மட்டுந்தான் என் தப்பு. அது எட்டு மாசம் சொன்னேன், அது பெரிய தப்புதான். அந்தப் பிள்ளை ஒரு நாள் லீவையும் மலை இறங்கி ஏறியே கழிச்சுச்சு. அதுக்கு நீங்க என்ன வேணாச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.

அவளுக்குத் தெரியுமான்னா கேக்குறீங்க?

வைகாசியில ஒருநாள் திரைக்கிட்ட குனிஞ்சு பாத்தா. அண்ணே, இந்த மஞ்ச லைட்டு எரிஞ்சா கம்ப்ரசர் ஓடலைன்னு அர்த்தமான்னு கேட்டா. எதையும் ஒரு தடவை பாத்தாப் பிடிச்சுக்கிருவா. நான், அது எப்பவும் அப்படித்தான் எரியும்னேன். சிரிச்சா. அடுத்த ஞாயித்துக்கிழமையும் மொத ஜீப்புல வந்தா.

பாட்டு வேணும்ல, வராம என்ன பண்ணுவா. நீங்க அப்படியே எடுத்துக்கங்க. நானும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். முப்பத்தேழு பொட்டிய மாத்தி மாத்திப் போடத் தெரிஞ்சவனுக்கு ஒரு வார்த்தை கேக்கத் தெரியல. ஆனி மாசக் கடைசியில வந்து, அண்ணே, ராசிங்காபுரத்துல மாப்ள பாத்திருக்காங்க, பேரு திருப்பதி, நல்ல மாதிரின்னு சொன்னா. நான் ரொம்ப சந்தோசம்னு சொல்லிட்டு இருபத்தேழாவது கம்ப்ரசரத் திறந்தேன்.

நேத்துதான் மொதத் தடவையா வரல. முகூர்த்தக்கால் ஊனியாச்சாம், கல்யாணப் பொண்ணு மலை இறங்கக் கூடாதாம். நான் வழக்கம்போல விடிஞ்சதும் வந்து ரூம்பக் கூட்டி, மைக்க வச்சு, உக்காந்திருந்தேன். கீழ மிஷின் ஓடல. அப்படி ஒரு அமைதி மாப்ள. சும்மா இருக்க முடியாம ஒரு டப்பா பெயிண்டு வாங்கிட்டு வந்தேன்.

இந்தாங்க பென்டிரைவ். பத்திரமா உள்பையில வைங்க. லிஸ்ட்ட அழிச்சிருங்க, ஒண்ணுமே வாங்காதீங்க. மைக்கு முன்னால அவள நிக்க விட்டுட்டு நீங்க கீழ இறங்கிப் போயிருங்க, அவ பாத்துக்கிருவா. பாட்டக் குடுக்கறப்ப, கம்ப்ரசர் ஒருவழியாச் சரியாயிருச்சாம்னு லிங்கேஸ்வரன் சொன்னான்னு மட்டும் சொல்லுங்க. சிரிப்பா. ஏன் சிரிக்கிறன்னு கேக்காதீங்க.

கெளம்புறீங்களா? பாத்து மாப்ள, கதவத் தொடாதீங்கன்னேன்ல. அதுவா, எழுத்து கோணலாத்தான் இருக்கும், நானே எழுதுனது. ஞாயிறு விடுமுறைன்னு போட்டிருக்கேன்.