அறுபத்தி மூணாவது லேண்டிங்

இல்லங்க மேடம், அந்தக் கம்ப்யூட்டரை இன்னும் கழட்டாதீங்க. கொஞ்சம் யோசிச்சுக்கறேன். உங்களைக் கூப்பிட்டது நான் இல்ல, எங்கம்மா. கீழ் வீட்டு டெய்லரக்கா போன்லேர்ந்து பேசியிருப்பாங்களே, அவங்கதான். உள் ரூம்ல படுத்திருக்காங்க. எம்பையன் கம்ப்யூட்டர்ல ஓட்டற ஏரோப்ளேன் விளையாட்டு பழசாயிடுச்சு, வந்து புதுசு போட்டுக் குடுங்கன்னாங்களா? ஆமா, விளையாட்டுன்னுதான் சொல்வாங்க. நாப்பத்தெட்டு வயசு விளையாட்டுப் பிள்ளை நான். சிரிச்சுக்கங்க, பரவால்ல.

அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. இது பைலட் சீட்டு. பழைய வேன் ஒண்ணுலேர்ந்து நானே கழட்டி, கீழ பலகை அடிச்சு நிறுத்தினது. அந்த ஸ்டிக்கு, கால் பெடல் எல்லாம் வாங்கி எட்டு வருஷம் ஆச்சு. தூசியா இருக்கா? இருங்க, துணி தரேன். நாலு மாசமா தொடல. ஏன்னா... வேலை அதிகம்னு வச்சுக்கங்களேன்.

லிஃப்ட் மெக்கானிக் மேடம். நாள் பூரா மேலயும் கீழயுமே போய்ட்டு வர்றவனுக்கு, லீவு நாள்லயாவது கொஞ்சம் நேரா போகணும்னு ஆசை வராதா? அப்படி ஆரம்பிச்சதுதான் இது.

அந்தச் சர்டிபிகேட்டைப் படிக்கிறீங்களா? சுவத்துல மாட்டணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல, அம்மாதான் மாட்டச் சொன்னாங்க. கம்பெனியில குடுத்தது. லிஃப்ட் நடுவுல நின்னு போச்சு, உள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்கன்னு போன் வந்தா, ஏழு நிமிஷத்துல நான் அங்க நிப்பேன். எங்க ஏரியாவுல யாரும் அப்படிக் கிடையாது. போனதும் முதல் வேலை கதவைத் திறக்கறது இல்ல மேடம், குரல் குடுக்கறது. வந்துட்டேன், இங்கதான் இருக்கேன், பயப்படாதீங்கன்னு கத்தணும். அதைக் கேட்டாலே உள்ள இருக்கறவங்களுக்குப் பாதி உசிரு திரும்பிடும். புதுசா வர்றவங்களுக்கு நான்தான் அதைச் சொல்லித் தர்றேன். நல்லா இருக்குல்ல?

சரி, புதுசுல அப்படி என்னதான் இருக்கு, சொல்லுங்க. ஓ... மழை கண்ணாடியில வழியறதுகூடவா. பழசுல மேகம்னா பஞ்சைப் பிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். எனக்கு அதுவே போதும்னு தோணுது. நம்ம தெரு, நம்ம மொட்டை மாடியெல்லாம் மேலேர்ந்து தெரியுமா? அதான் அம்மாவும் சொன்னாங்க. நம்ம வீட்டுக்கு மேல ஒரு சுத்து சுத்திக் காட்டுடான்னு. யார் சொன்னாங்கன்னு தெரியல, எல்லாத்தையும் விசாரிச்சு வச்சிருக்காங்க. படுத்த இடத்துலேர்ந்து எனக்கு ஆள் அனுப்பறாங்க பாருங்க.

ஒரு நிமிஷம். அம்மா கூப்ட்ட மாதிரி இருந்துச்சா? இல்லையா. சரி, சரி.

என்ன ஆச்சுன்னா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் பாத்ரூம். நாலு மாசம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். வீட்டுல யாரும் இல்ல, நான் ஒரு லிஃப்ட் கேஸுக்குப் போயிருந்தேன்... இல்ல, அப்படித்தான் எல்லாருக்கும் தெரியும். இப்ப வாக்கர் பிடிச்சு நாலு அடி வைக்கறாங்க. எந்தங்கச்சி வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து ரெண்டு மாசம் பாத்துக்கிட்டா. அவ என்னை ஒரு வார்த்தை கேக்கல மேடம். நீ என்னண்ணே பண்ணுவ, லிஃப்ட்ல மாட்டினதும் யாரோ ஒருத்தியோட அம்மாவா இருக்கலாம்ல, அப்படின்னா. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அதையே பெருமையாச் சொல்லிட்டிருந்தா. நாளைக்கு மறுபடி வர்றா, மகளைக் கூட்டிக்கிட்டு. அந்தப் பொண்ணு வந்ததும் வராததுமா இந்த சீட்டுலதான் ஏறி உக்காரும். மாமா எத்தனை தடவை இறக்கியிருக்கார்னு பறந்த கணக்கையெல்லாம் ஒண்ணு விடாம படிக்கும்.

அதான் மேடம், புதுசு போட்டா பழைய கணக்கு என்ன ஆகும்? போயிடுமா, இருக்குமா?

வேணும்னா கொண்டு வரலாம், வேணாம்னா விட்டுடலாங்கறீங்க. அப்ப நான்தான் சொல்லணும். ம்.

சரி, அந்தப் பட்டியலைத் தொறங்க. கடைசி வரிக்குப் போங்க. நாங்க ஒரு கூட்டமா ஆன்லைன்ல பறப்போம். அதுல ஒரு சட்டம், கிளம்பினா இறங்கற வரைக்கும் நடுவுல நிறுத்தக் கூடாது. நிறுத்தினா அந்தப் பயணம் கணக்குல சேராது. நூறு லேண்டிங் முடிச்சா பேருக்கு முன்னாடி கேப்டன்னு போடுவாங்க. இது நூறாவதுகூட இல்ல மேடம். நம்பர் பாருங்க. அறுபத்தி மூணு. அறுபத்தி மூணாவதுக்கு யாரும் எதுவும் தர மாட்டாங்க.

தேதி பாத்தீங்களா? ஞாயித்துக்கிழமை.

கிளம்பினது மூணு பத்து, இறங்கினது நாலு ஆறு. நிறுத்தினது எத்தனை தடவைன்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க. பூஜ்யம். அம்மா கூப்ட்டது மூணு அம்பத்தஞ்சு. எனக்கெப்படித் தெரியும்னா, ஸ்க்ரீன்ல மணியைப் பாத்துட்டுத்தான் பதில் சொன்னேன். ஹெட்போன் போட்டிருந்ததால கேக்கலைன்னு சொல்லலாம். சொன்னா நம்புவாங்க. ஆனா நான் ஒரு காதை எப்பவும் வெளிய விட்டுத்தான் போடுவேன், அம்மா கூப்ட்டா கேக்கணுமேன்னு. கேட்டுச்சு. முதல்ல ஏதோ விழற சத்தம். பக்கெட்டுன்னு நினைச்சேன். இல்ல, பக்கெட்டுன்னு நினைச்சுக்கிட்டேன். அப்பறம் என் பேரைச் சொல்லி மூணு தடவை. நானும் குரல் குடுத்தேன் மேடம். இதோ வந்துட்டேம்மா, இங்கதான் இருக்கேன், பயப்படாதன்னு கத்தினேன். அதே வார்த்தை. வாயில தானா வந்துச்சு. கத்திட்டு, இன்னும் பதினோரு நிமிஷம்தானேன்னு கணக்குப் போட்டேன்.

நிறுத்தி வைக்கற பட்டன் இதோ, இந்த ஒத்தைப் பட்டன்தான். விரல் அது மேலேயேதான் இருந்துச்சு.

அம்மா அப்பறம் கூப்பிடல. வர்றேன்னு சொல்லிட்டானே, வருவான்னு இருந்திருக்காங்க. நான் இறக்கினேன். இறக்கிட்டும் எழுந்திருக்கல, எப்படி இறக்கினேன்னு மார்க் வர்ற வரைக்கும் உக்காந்திருந்தேன். தொண்ணூத்தி நாலு. அந்த வரியிலயே இருக்கும் பாருங்க. அப்பறம் போய்ப் பாத்தா ஈரத் தரையில ஒருக்களிச்சுக் கிடக்காங்க, உதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. என்னைப் பாத்ததும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? முடிஞ்சுதாடான்னாங்க. குத்தலாச் சொல்லல மேடம். நிஜமாவே கேட்டாங்க.

அன்னைலேர்ந்து அவங்க என்னைக் கூப்பிடறதே இல்ல. தலைமாட்டுல அழுத்தற மணி ஒண்ணு நானே மாட்டி வச்சேன். லிஃப்ட்ல இருக்குமே, அதே மணி. நாலு மாசத்துல ஒரு தடவை அடிக்கல. தண்ணி வேணும்னாகூட நான் அந்தப் பக்கம் போற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காங்க. என்னைப் பறக்க மட்டும் சொல்றாங்க. நீ அந்தக் கூட்டத்தோட பேசற சத்தமே இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்குங்கறாங்க. எப்படி மறுபடி அதைப் போடறது நான்? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அந்த சீட்டுல உக்கார்றது?

ஸ்க்ரீன்ல இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்கா? பழசைக் கொண்டு வரவா, விட்டுடவான்னு. ஒரு தட்டு தட்டினா போயிடும்ல. நீங்களும் தெரியாத மாதிரி இருந்துக்குவீங்க, நல்லவங்களாத் தெரியுது.

கொண்டு வந்துடுங்க மேடம். முழுசா. நாளைக்கு அந்தப் பொண்ணு படிக்கறதுக்கு முன்னாடி தங்கச்சியை இங்க உக்கார வச்சு நானே காட்டிடறேன். அந்த ஹெட்போனை மட்டும் நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க, வேற யாருக்காவது குடுங்க. ஸ்பீக்கர் போதும்.

தங்கச்சிகிட்ட நான் பொய் சொன்னேன்னு நினைக்காதீங்க. நான் எதுவுமே சொல்லல. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்ப, விழுந்தப்ப வீட்டுல யாரு இருந்தாங்கன்னு, அம்மாதான் சொன்னாங்க. எம்பையன் வீட்டுல இல்லங்க, யாரோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்கன்னு காப்பாத்தப் போயிருந்தான்னு. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு, அவ்வளவு வலியிலயும். நான் பக்கத்துலதான் மேடம் நின்னுட்டிருந்தேன்.

இருங்க, அம்மா கூப்ட்டாங்க. இல்லையா? பரவால்ல, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.