குளவிக் குழு கலைக்கப்பட்ட விதம்

தேநீருக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். ஆனாலும் எங்கள் சங்கத்துத் தேநீருக்கு இது எவ்வளவோ மேல். அங்கே பால் எது, வெந்நீர் எது என்று கண்டுபிடிக்கவே ஒரு குழு போட வேண்டும். குழு போடுவதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

நீங்கள் வெளியாள், அதனால் விளக்கிவிடுகிறேன். எங்களுடையது பூச்சியியல் சங்கம். உங்களுக்குப் பூச்சி என்றால் பூச்சிதான். எங்களுக்கு அப்படி இல்லை. வண்டைப் படித்தவனுக்குக் கறையான் பேச்சைக் கேட்டால் கொட்டாவி வரும். கறையான்காரன் பட்டாம்பூச்சிக்காரனை ஒரு ஆளாகவே மதிக்கமாட்டான். அதனால் சங்கத்துக்குள் தனித்தனி ஆர்வக் குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பாளர், ஓர் அலமாரி, ஆண்டுக்கு ஒரு கூட்டம். சிலந்திக்குக்கூட ஒன்று இருக்கிறது. சிலந்தி பூச்சியே இல்லை, அதற்கு எட்டுக் கால் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "ரெண்டு கால் கூட இருக்கறது ஒரு குத்தமா சார்?" என்று சிலந்திக்காரி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். குழு பிறந்துவிட்டது. அங்கே எல்லாமே இப்படித்தான் முடிவாகும்.

இந்தக் கூத்தை ஒழுங்குபடுத்த விதிகள் எழுதியவன் நான். பதினைந்து உறுப்பினர் இல்லாத குழு இருக்கக் கூடாது. ஆண்டுக் கூட்டம் முடியும்வரை பதினைந்து பேர் இருக்கையில் இருக்க வேண்டும். நடுவில் எண்ணிக்கை குறைந்தாலோ அமைப்பாளர் எழுந்துபோனாலோ கூட்டம் செல்லாது. தொடர்ந்து இரண்டு கூட்டம் செல்லாமல் போனால் குழு கலையும். ரொம்பக் கெடுபிடி என்றார்கள். கெடுபிடி இல்லாவிட்டால் அதற்குப் பெயர் விதி இல்லை, வேண்டுகோள்.

குளவிக் குழுவின் அமைப்பாளர் என் தம்பி. கூடப் பிறந்தவன். என் பூச்சி வலையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே திரிந்து இந்தத் துறைக்கு வந்தவன். நான் வண்டுக் குழு. அதைத் தொடங்கியதே நான்தான். ஆனால் தம்பிக்கு வாய் இருந்தது. அவன் பேச ஆரம்பித்தால் இளவட்டங்கள் சுற்றி உட்கார்ந்துவிடும். என் குழுவிலிருந்து ஒவ்வொருவராக அங்கே நழுவினார்கள். ஒரு பொதுக்குழுவில் தம்பி எழுந்து, வண்டுக் குழுவில் போதிய ஆள் இல்லை என்றான்.

"அண்ணன் எழுதின விதிதான். அவருக்கே விலக்கு குடுத்தா அவரே கோவிச்சுக்குவாரு."

கைதட்டினார்கள். வண்டுக் குழு கலைந்தது. என் அலமாரி குளவிக் குழுவுக்குப் போனது. அத்தோடு விட்டானா? குழுக்களை மேற்பார்வை செய்பவர் எந்தக் குழுவிலும் இருக்கக் கூடாது என்பதும் என் விதிதான். "இப்ப அண்ணனுக்குத்தான் எந்தக் குழுவும் இல்லையே, நடுநிலைக்கு இவரை விட்டா வேற யாரு?" என்றான். மறுபடியும் சிரிப்பு. அந்தப் பதவி எனக்கு அப்படித்தான் வந்தது.

"உங்க மேல உள்ள பாசத்துலதான் அத்தான் அவரு அப்படிப் பண்ணாரு" என்று அவன் மனைவி பிறகு என்னிடம் சொன்னாள். இருக்கலாம். எனக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து அவனை வெறுத்தேன், அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் வெறுப்பு வேறு, நிர்வாகம் வேறு. இரண்டையும் நான் ஒருநாளும் கலந்ததில்லை.

போன ஆண்டுக் கூட்டத்தின் நடுவில், அவன் மகள் பள்ளியில் விழுந்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னார். தம்பி எழுந்து ஓடினான். கூட்டம் செல்லாது என்று எழுதினேன். "குழந்தைக்குக் கை உடைஞ்சிருக்குண்ணா, இதைக்கூடவா பாக்கமாட்டீங்க?" என்று கேட்டான். "எந்த விதியில பாக்கணும்னு காட்டுடா, பாக்கறேன்" என்றேன். இன்னொரு கூட்டம் தவறினால் அவன் குழு இல்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த ஆண்டுக் கூட்டத்துக்குத் தேதி குறித்தது நான். அது என் வேலை. தேனீக் குழு வெளியூர் போகிற நாளைக் குறித்தேன். குளவிக் குழுவில் பாதிப் பேர் அதிலும் இருக்கிறார்கள். ஆகவே அன்று அவனையும் சேர்த்துச் சரியாகப் பதினைந்து பேர்தான் வந்தார்கள். சிலந்திக்காரியும் வந்திருந்தாள், குளவி சிலந்தியை வேட்டையாடும் என்பதால் அவள் இந்தக் குழுவிலும் உண்டு.

கூட்டம் நடப்பது பூச்சிகளைக் குத்திவைத்திருக்கும் சேகரிப்பு அறையில். பையை உள்ளே கொண்டுவரக் கூடாது. பையோடு சின்ன வண்டு ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் பாடம் செய்த உடல்களையெல்லாம் தின்று தூளாக்கிவிடும். பைகள் நடைபாதை ஆணிகளில் தொங்கும். தம்பியின் பையில் ஓர் ஊசி உண்டு. காலமெல்லாம் குளவியிடம் கொட்டு வாங்கியதில் அந்த விஷமே அவனுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. முதல்முறை அவன் மூச்சுத் திணறியபோது காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனவன் நான். இனிமேல் கொட்டினால் அந்த நிமிடமே ஊசி போட வேண்டும், தாமதித்தால் ஆள் தங்கமாட்டார் என்று மருத்துவர் எங்கள் இருவரிடமும்தான் சொன்னார். ஊசி பையில் இருக்கிறதா என்று அவன் மனைவி தினமும் பார்த்துத்தான் அனுப்புவாள்.

கூட்டம் தொடங்கும்போது அமைப்பாளருக்குக் கறுப்பு அங்கி போர்த்துவது எங்கள் வழக்கம், அது மேற்பார்வையாளரின் உரிமை. அன்றும் நான்தான் போர்த்தினேன். "மெதுவாண்ணா, கிழிஞ்சிடப்போவுது" என்று சிரித்துக்கொண்டே தோளைக் குனிந்து கொடுத்தான்.

முதல் தீர்மானம் நிறைவேறியதும் கழுத்தில் கையை வைத்தான். நெற்றி வியர்த்தது. உதடு தடித்தது. சிலந்திக்காரி எழப்போனாள். "நீ எழுந்தா பதினாலும்மா" என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த அறையில் எண்ணிக்கையில் சேராதவன் நான் ஒருவன்தான்.

தம்பியே கையமர்த்தினான். "யாரும் எழுந்திரிக்காதீங்க. அண்ணன் எடுத்துட்டு வந்துருவாரு. அண்ணா, பை."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். பையை எடுத்தேன். ஊசி இருக்கிறதா என்று திறந்து பார்த்தேன், இருந்தது. பிறகு அங்கே கிடந்த பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே இன்னொரு தீர்மானத்தை யாரோ அவசர அவசரமாக வாசிப்பது கேட்டது. அதற்கப்புறம் வாசிக்கும் குரல் நின்றது. நாற்காலிகள் சடசடவென்று நகர்ந்தன. எண்ணிக்கை உடைந்துவிட்டது என்று புரிந்தது. கதவைத் திறந்துகொண்டு சிலந்திக்காரி ஓடிவந்தாள். என்னையும் என் மடியையும் பார்த்தாள்.

"சார், பை கையிலதானே இருக்கு?"

கொடுத்துவிட்டேன். யாரும் கேட்டு நான் மறுத்ததில்லை. அவள் ஊசியைப் போட்டாள். அது போடவேண்டிய நேரம் தாண்டியிருந்தது.

மூடிய அறைக்குள் குளவி எப்படி வந்தது என்று நீங்கள் காலையிலிருந்து கேட்கிறீர்கள். அது எங்கள் தொழிலில் சாதாரண விஷயம். படம் எடுப்பதற்குப் பூச்சி அசையாமல் இருக்க வேண்டும் என்றால் குளிர்பெட்டியில் வைப்போம். செத்ததுபோல் விறைத்துக் கிடக்கும்; சூடு பட்டால் எழுந்துகொள்ளும். என் வீட்டு ஜன்னலுக்கு மேலே ஒரு கூடு இருக்கிறது. அதில் ஒன்றைப் பிடித்துக் குளிரவைத்து, கூட்டத்துக்குச் சற்று முன்னால் அங்கியின் கழுத்துப்பட்டை மடிப்புக்குள் வைத்தேன். மீதியை அவன் கழுத்துச் சூடு பார்த்துக்கொண்டது.

மருத்துவமனை வாசலில் தம்பி மனைவி என் சட்டையைப் பிடித்தாள். "பையை வச்சுக்கிட்டு என்ன அத்தான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க? அவரு உங்களைத்தானே கேட்டாரு?" போன ஆண்டு கை உடைந்த அந்தப் பெண் குழந்தை பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சங்க நடைமுறை தெரியாதவர்களிடம் அதை எங்கிருந்து விளக்குவது?

அன்று சாயங்காலம் சங்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பதிவை முடித்தேன். இரண்டாம் தீர்மானத்தின்போது அமைப்பாளர் இருக்கையை விட்டு விலகினார், கூட்டம் செல்லாது, குழு கலைக்கப்படுகிறது. அவ்வளவுதான் எழுதினேன். அவன் விலகவில்லை, விழுந்தான் என்று சிலந்திக்காரி அழுதுகொண்டே வாதாடினாள். விலகுவதற்கும் விழுவதற்கும் விதியில் வேறுபாடு கிடையாது. அவள் ஆட்சேபத்தையும் பதிவு செய்தேன்.

நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் தம்பியை நான்தான் கொன்றேன். யோசித்து, நாள் பார்த்துக் கொன்றேன். ஆனால் குளவிக் குழு கலைந்தது முழுக்க முழுக்க விதிப்படி நடந்தது. அதில் என் தலையீடு எதுவும் இல்லை என்பதைத் தனியாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.